உபாத்தியாயர், உழவர், அரசியல்வாதி

ஒரு தேசத்தின் சட்டசபையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால், அந்தத் தேசத்தின் யோக்கியதையை ஓரளவு அறிந்துகொள்ளலாம். வக்கீல்கள் நிறைந்த சபை வாதத்தில் தேர்ந்திருக்கும். முதலாளிகள் நிறைந்த சபை கணக்கில் தேர்ந்திருக்கும். ஏரோட்டுகிறவனுடைய கஷ்டமும் எழுத்தறியாதவனுடைய கஷ்டமும் சபையில் பேசப்பட வேண்டுமானால், அவ்விரண்டையும் ஒருங்கே அறிந்த ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும். நம் கிராமங்களில் அப்படிப்பட்ட ஒருவர் வெகுகாலமாக இருந்து வந்திருக்கிறார். அவரே கிராமத்து உபாத்தியாயர். பகலெல்லாம் பள்ளிக்கூடம், மாலையிலும் விடுமுறையிலும் காடு கழனி, இவற்றுக்கு நடுவே ஊராரின் மனுக்களும் வழக்குகளும் பத்திரிகை வாசிப்பும். இவரைப் போன்றவர்கள் பொதுவாழ்வுக்கு வந்தபோது என்ன செய்தார்கள், இன்று அவர்கள் வருவதற்கு வழி திறந்திருக்கிறதா என்ற இரு விஷயங்களைப் பற்றி வாசகர்கள் சிந்திக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

கரிசல் பூமியின் கேள்வி

விருதுநகர் ஜில்லாவில் வைப்பாற்றங்கரையில் உள்ள ஊர் வெம்பக்கோட்டை. 2022-ஆம் வருஷம் முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் சங்கு வளையல்களும் சுடுமண் பொருள்களும் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. பண்டைக் காலத்தில் அவ்விடத்து ஜனங்கள் கைத்தொழிலில் சிறந்திருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. இன்றைக்கும் அப்பிரதேசத்தார் கைவேலையில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் அந்தக் கைவேலைதான் அவர்களுடைய குழந்தைகளுக்குப் பெரிய சோதனையாக வந்து வாய்த்தது.

அது வானம் பார்த்த கரிசல் பூமி. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தால் பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் உண்டு; பெய்யாவிட்டால் கடன் உண்டு. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அதன் பிறகு தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் அந்த வறண்ட பூமிக்குச் சோறு போட்டன. இதை மறுப்பது நன்றி கெட்ட செயலாகும். எனினும், மழை பொய்த்த வருஷத்தில் தகப்பன் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளை வேலைக்குப் போவது வழக்கமாயிற்று. ஜனங்கள் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று சொல்லும் பட்டறைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல, 1970-களிலும் 1980-களிலும் விடியுமுன்னே வண்டிகள் கிராமம் கிராமமாக வந்து நின்றன. கட்டையில் குச்சி அடுக்குவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் சிறு விரல்களே தோதானவை என்று சொல்லப்பட்டது. பள்ளிக்கூட மணி அடிக்குமுன் வண்டியின் ஊதல் ஒலித்துவிடும். உபாத்தியாயர் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது பாதிப் பெயர்களுக்கு எதிரில் பதில் குரல் இராது.

1986-ல் பார்லிமெண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. 1996 டிசம்பர் 10-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு சிவகாசி வழக்கில் தீர்ப்பளித்தது. வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென்று விதித்தது. 2009-ல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. சட்டங்கள் டில்லியில் பிறந்தன. ஆனால் வீட்டுக்கு வீடு நடந்து, தாயாரிடம் கெஞ்சி, தகப்பனாரிடம் வாதாடி, பிள்ளையின் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்து வந்தவர்களில் அநேகர் உள்ளூர் உபாத்தியாயர்களே. அவர்களுக்கு ஒன்று தெரியும்: பிள்ளை பள்ளிக்கு வராததற்குக் காரணம் படிப்பில் வெறுப்பு அன்று; மானாவாரி வெள்ளாமையில் விழுந்த துண்டு. இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடியவர், பதிவேட்டையும் பார்த்து உழவையும் அறிந்தவர்தாம்.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேசம் ஆசிரியர் தினம் கொண்டாடிய நாள் அது. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி வெம்பக்கோட்டையை அடுத்த அச்சங்குளத்தில் ஏறக்குறைய 20 உயிர்கள் போயின. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது, விசாரணை நடக்கிறது. இறந்தவர்களில் யார் யார் தம் வகுப்பில் படித்தவர்கள், யார் யார் எந்த வயதில் படிப்பை நிறுத்தினார்கள், எந்தக் கடனுக்காக நிறுத்தினார்கள் என்று சபையில் எழுந்து சொல்லக் கூடியவர் எத்தனை பேர்? கரிசல் பூமி கேட்கும் கேள்வி இதுவே.

ஒரு பிரதி, ஐம்பது காது

உபாத்தியாயர் அரசியலுக்கு வந்தது எப்படி? அவர் அரசியலைத் தேடிப் போகவில்லை. அது தபாலில் அவரிடம் வந்தது. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில், கிராமத்துக்கு வரும் பத்திரிகை பெரும்பாலும் ஒரே பிரதிதான். அதை மந்தையிலோ பள்ளித் திண்ணையிலோ உரக்கப் படிப்பவர் உபாத்தியாயர். ஒரு பிரதியை ஐம்பது காதுகள் கேட்கும். வரி வஜா வேண்டி எழுதும் மனுவும், கண்மாய் மடை உடைந்ததைப் பற்றித் தாசில்தாருக்கு எழுதும் விண்ணப்பமும், பட்டாளத்திலிருக்கும் மகனுக்குத் தாய் எழுதும் கடிதமும் அவர் கையாலேயே எழுதப்பட்டன. ஊராரின் மனக்குறையெல்லாம் அவருடைய பேனா முனை வழியாகவே சர்க்காருக்குப் போயிற்று. இதைவிடச் சிறந்த அரசியல் பயிற்சி எந்தக் கலாசாலையில் கிடைக்கும்?

சம்பளமோ சொற்பம். ஆகவே அவர் நிலத்தை விடவில்லை. இருந்த இரண்டு குறுக்கத்தில் உழுதார், விதைத்தார், களை வெட்டினார். மழை தவறினால் குடியானவன் படும் பாட்டைத் தாமும் பட்டார். இதனால் ஊரார் அவரைத் தம்மில் ஒருவராகவே கருதினார்கள். படித்தவரென்ற மரியாதையும் நம்மவரென்ற உரிமையும் ஒரே மனிதரிடத்தில் சேர்ந்தன.

1920-ல் ஒத்துழையாமை இயக்கம் தோன்றியபோது, சர்க்கார் பள்ளிகளைத் துறந்து வெளியேறும்படி காந்தியடிகள் மாணவர்களையும் ஆசிரியர்களையும் அழைத்தார். அவ்வழைப்பை ஏற்று வேலையை விட்டவர்களுக்குப் பென்ஷனும் இல்லை, பதவியும் இல்லை. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் காந்தியடிகள் தமது ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். கையும் புத்தியும் சேர்ந்து கற்க வேண்டும், உழவும் நூற்பும் பாடமாக வேண்டும் என்பது அதன் சாரம். உபாத்தியாயர் உழவராகவும் இருப்பது வறுமையால் நேர்ந்த குறை என்று பட்டணவாசிகள் எண்ணியிருந்தார்கள். காந்தியடிகளோ அதையே கல்வியின் லட்சியமாக ஆக்கினார்.

இரவுப் பாடசாலையிலிருந்து மந்திரி சபைக்கு

இந்த லட்சியத்துக்குச் சமீபமாக வாழ்ந்து காட்டியவர்களில், தமிழர் மறக்கக் கூடாத பெயர் ஸ்ரீ கக்கன். மதுரை ஜில்லா மேலூர் தாலுகா தும்பைப்பட்டியில் 1908-ல், தீண்டாதாரென்று ஒதுக்கப்பட்டிருந்த வகுப்பில் பிறந்தார். தகப்பனார் கிராமக் கோவில் பூசாரி. பள்ளிப் படிப்பை முழுதும் முடிக்க அவருக்கு வசதி வாய்க்கவில்லை. மதுரை வைத்தியநாதையரின் ஆதரவில் அவர் சேவையில் இறங்கினார். மாணவர் விடுதியைக் கவனித்தார். சேரிகளில் இரவுப் பாடசாலைகள் நடத்தினார். பகலில் பிறர் வயலில் உழைத்த பிள்ளைகள் இரவில் லாந்தர் வெளிச்சத்தில் அகரம் எழுதினார்கள். சர்க்கார் நியமனம் பெற்ற உபாத்தியாயர் அல்லர் அவர். ஆனால், கற்கவே கூடாதென்று ஊர் விலக்கியிருந்தவர்களுக்குக் கற்பித்தவரை உபாத்தியாயர் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாதையர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோவிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது. அன்று உள்ளே சென்ற சிலருள் கக்கன் ஒருவர். விருதுநகரைச் சேர்ந்த எஸ். எஸ். சண்முக நாடாரும் அக்குழுவில் இருந்தார் என்பது இந்த ஜில்லாவுக்குப் பெருமை. தலைமுறை தலைமுறையாக மூடியிருந்த கதவு ஒரு காலை வேளையில் திறந்தது.

1942-ல் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் அவர் சிறை புகுந்தார். அலிப்பூர் சிறைவாசமும் அனுபவித்தார். 1946-ல் அரசியல் நிர்ணய சபை அங்கத்தினரானார். 1952-ல் பார்லிமெண்டுக்குச் சென்றார். 1957-ல் காமராஜ் மந்திரி சபையில் பொதுமராமத்து மந்திரியானார். அவர் அப்பதவியில் இருந்தபோது, 1959-ல் வைகை அணை திறக்கப்பட்டது. 1962-ல் விவசாய மந்திரி; 1963 முதல் 1967 வரை உள்நாட்டு மந்திரி. இரவுப் பாடசாலையில் லாந்தர் பிடித்த கை நீர்ப்பாசனத்தையும் வேளாண்மையையும் நிர்வகித்தது.

அவரைப் புகழ்கிறவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள். 1965-ல் ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது போலீசார் சுட்டார்கள். மாணவர்களும் மற்றவர்களும் மாண்டார்கள். அப்போது போலீஸ் இலாகாவின் மந்திரி கக்கனே. மாணவர்களுக்காகவே வாழ்வைத் தொடங்கியவரின் இலாகா மாணவர்கள்மீது துப்பாக்கி நீட்டியது. நல்ல மனிதர் என்பதால் அந்தப் பொறுப்பு அவரைவிட்டு நீங்கிவிடாது. நல்லவரைச் சபைக்கு அனுப்புவது அவசியம். அனுப்பிய பிறகு அவரைக் கண்காணிப்பதும் அவ்வளவு அவசியம் என்பதே இதனால் அறியத்தக்க பாடம்.

1967-ல் மேலூரில் தோற்றார். பத்தாண்டு மந்திரியாயிருந்தவரிடம் சொத்து ஒன்றும் மிஞ்சவில்லை. முதுமையில் நோயுற்றபோது மதுரை சர்க்கார் ஆஸ்பத்திரியில் சாமானிய நோயாளிகளோடு சாமானிய நோயாளியாகப் படுத்திருந்தார். அங்கே வேறொருவரைப் பார்க்க வந்த முதல் மந்திரி எம். ஜி. ராமச்சந்திரன் அந்த நிலையைக் கேள்வியுற்று, அவருக்கு உதவிகள் செய்தார். 1981 டிசம்பர் 23-ஆம் தேதி கக்கன் காலமானார். பதவிக்கு வந்தபோது இருந்த அதே ஏழ்மையோடு பதவியைவிட்டு இறங்கிய மனிதர்களைத் தேசம் எத்தனை பேரைக் கண்டிருக்கிறது?

ஏர் பிடித்த முதல் மந்திரிகள்

உபாத்தியாயர் வழியில் வந்தவர் கக்கன். உழவர் வழியில் வந்தவர் ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அவர், 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாயிருந்தார். இரண்டே வருஷந்தான். அதற்குள் ஆலயப் பிரவேசச் சட்டம், தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம், 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டம் ஆகியவை நிறைவேறின. வெம்பக்கோட்டைக்குச் சுற்றுப்புறத்தில் சிவகிரி, எட்டயபுரம் போன்ற ஜமீன்களின் அதிகாரத்தை அறிந்தவர்களுக்குக் கடைசிச் சட்டத்தின் அருமை விளங்கும். பதவி போனபின் அவர் கோட்டையைச் சுற்றி வரவில்லை. வடலூர் சென்று வள்ளலார் பெயரால் பள்ளிகளும் தரும ஸ்தாபனங்களும் நிறுவினார். உழவராகத் தொடங்கியவர் கடைசியில் கல்விப் பணியில் நின்றார்.

அவருக்குப் பின் வந்த பூ. ச. குமாரசாமி ராஜா, வெம்பக்கோட்டைக்கு அண்டை ஊரான ராஜபாளையத்தவர். 1949 முதல் 1952 வரை முதல் மந்திரி. 1952 பொதுத் தேர்தலில் ஜனங்கள் அவரைத் தோற்கடித்தார்கள். அவர் ஜனங்களை நிந்திக்கவில்லை. 1954 முதல் 1956 வரை ஒரிஸ்ஸா கவர்னராயிருந்தார். தம் சொந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்காகப் பொதுஜனங்களுக்கே கொடுத்துவிட்டார். பதவியில் இருப்பதைப்போலவே பதவியைவிட்டு இறங்குவதற்கும் ஒரு கல்வி வேண்டும். மழையையும் வறட்சியையும் மாறி மாறிக் கண்ட உழவனுக்கு அந்தக் கல்வி இயற்கையாகவே அமைகிறது போலும். இந்த வருஷம் விளையவில்லையானால் அவன் நிலத்தைத் திட்டுவதில்லை. அடுத்த பட்டத்துக்கு விதை சேர்க்கிறான்.

பீகாரத்திலும் ஆப்பிரிக்காவிலும்

இது தமிழ்நாட்டுக்கு மாத்திரம் உரிய விஷயம் அன்று. பீகாரத்தில் கர்ப்பூரி தாக்கூர் என்பவர் நாவிதர் குலத்தில், சிறு விவசாயியின் மகனாக 1924-ல் பிறந்தார். 1942 இயக்கத்தில் கல்லூரியைத் துறந்து சிறை சென்றார். சுதந்திரம் வந்தபின் தம் கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராயிருந்தார். 1952-ல் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் இருமுறை முதல் மந்திரியானார். கல்வி மந்திரியாயிருந்தபோது, மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இங்கிலீஷில் தேறியே ஆக வேண்டுமென்ற விதியை நீக்கினார். அதனால் பிள்ளைகளின் தரம் தாழ்ந்தது என்று சிலர் குறை கூறினார்கள். இங்கிலீஷ் ஒன்றில் தவறியதால் வயலுக்குத் திரும்பிய பிள்ளைகளைக் கண்ணால் கண்டவருக்கு, அந்த விதி ஏழையின் முகத்தில் சாத்தப்பட்ட கதவாகவே தெரிந்தது. 1988-ல் காலமான அவருக்கு 2024-ல் பாரத ரத்னப் பட்டம் அளிக்கப்பட்டது.

கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவைப் பார்ப்போம். டாங்கனீகாவின் புட்டியாமா கிராமத்தில் 1922-ல் பிறந்த ஜூலியஸ் நைரேரே பள்ளி ஆசிரியர். அந்நாட்டு ஜனங்கள் கடைசி வரை அவரை ‘ம்வாலிமு’ என்றே அழைத்தார்கள். அவர்கள் பாஷையில் அதற்கு ஆசிரியர் என்று பொருள். 1954-ல் அவர் தேசியக் கட்சியை அமைத்தார். 1955-ல் பள்ளி நிர்வாகத்தார் அவரிடம் வேலையா, அரசியலா என்று கேட்டார்கள். அவர் வேலையை ராஜிநாமாச் செய்தார். தாம் விரும்பி ஏற்றது ஆசிரியத் தொழில், அரசியல் தற்செயலாக வந்தது என்று அவர் சொல்வது வழக்கம். 1961 டிசம்பர் 9-ல் நாடு சுதந்திரம் பெற்றது, அவரே தலைவரானார். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பண்ணை வேண்டும், படிப்பவன் உழைப்பை இகழக் கூடாது என்று 1967-ல் அவர் வகுத்த கல்விக் கொள்கை, வார்தா திட்டத்துக்கு நெருங்கிய உறவு.

அவரும் பெரும் பிழை செய்தார். 1970-களில் குடியானவர்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாகப் புதுக் கிராமங்களில் குடியேற்றியதால் விளைச்சல் குறைந்தது. தானியத்தை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. வகுப்பில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைப்பதுபோல் ஜனங்களை வரிசைப்படுத்த முடியாது. ஆசிரியர் ஆட்சிக்கு வரும்போது நேரக் கூடிய ஆபத்து இதுதான். உழவர் என்ற பாதி மங்கி, உபாத்தியாயர் என்ற பாதி மேலோங்கினால் பிரம்பு கைக்கு வந்துவிடும். ஆயினும் 1985-ல் அவர் தாமாகவே பதவியை விட்டு, புட்டியாமாவுக்குத் திரும்பி, தம் நிலத்தில் பயிர் செய்தார். 1999-ல் காலமானபோது அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆட்சியை ருசி கண்டவர்களில் எத்தனை பேருக்கு மண்வெட்டி நினைவுக்கு வரும்?

அடைபட்ட வாசல்கள்

இனி நம் நாட்டின் இன்றைய நிலையைக் கவனிப்போம். கக்கனைப் போன்ற ஒருவர், ராஜபாளையத்துக்கோ வெம்பக்கோட்டைக்கோ அருகிலுள்ள கிராமத்தில் உபாத்தியாயராயிருந்தால், அவர் சட்டசபைக்கு வர முடியுமா?

முதலாவது தடை, உத்தியோக விதி. 1981 ஜூன் முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டுப் பஞ்சாயத்து யூனியன் பள்ளி ஆசிரியர்கள் சர்க்கார் ஊழியர்களானார்கள். அதனால் சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் பாதுகாப்பு வந்தது; அது நியாயமான லாபம். கூடவே 1973-ஆம் வருஷத்து நடத்தை விதிகளும் வந்தன. சர்க்கார் ஊழியர் அரசியலில் கலந்துகொள்ளக் கூடாது. தேர்தலில் நிற்கக் கூடாது. நிற்க விரும்பினால் ராஜிநாமாச் செய்ய வேண்டும்; தோற்றால் திரும்பி வர இடமில்லை. இந்த நிலைமையில் உள்ள விசித்திரத்தைப் பாருங்கள். வாக்காளர் பட்டியலைத் திருத்துபவர் ஆசிரியர். ஜனத்தொகைக் கணக்கெடுப்பவர் ஆசிரியர். வாக்குச் சாவடியில் இரவெல்லாம் விழித்துத் தேர்தலை நடத்திக் கொடுப்பவர் ஆசிரியர். ஜனநாயகம் என்ற கல்யாணத்தில் பந்தல் போடுவது முதல் பந்தி பரிமாறுவது வரை அவர் வேலை. இலையில் உட்கார மாத்திரம் உரிமையில்லை.

இரண்டாவது தடை, மேல்சபை விஷயம். 1950-ஆம் வருஷத்து அரசியல் சாசனம் 171-வது ஷரத்தில், மேல்சபை அங்கத்தினரில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்க வழி செய்தது. ஆனால் ஹைஸ்கூல் தரத்துக்குக் குறைந்த பள்ளிகளில் உள்ள ஆசிரியர்களுக்கு அதில் வோட்டு இல்லை. அதாவது, கிராமத்துப் பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பவர் ஆசிரியர் தொகுதியில் ஆசிரியராகக் கணக்கிடப்படவில்லை. 1986 நவம்பர் முதல் தேதி தமிழ்நாட்டில் மேல்சபையே கலைக்கப்பட்டது. அந்தப் பாதி வாசலும் மூடிற்று.

மூன்றாவது தடை, பணம். சட்டசபைத் தேர்தலுக்கு வேட்பாளர் கட்டும் டிபாசிட்டு 10,000 ரூபாய். தாழ்த்தப்பட்டவர்க்கும் மலைஜாதியார்க்கும் 5,000. இது ஒரு சிறு விவசாயி கடன் வாங்கியாவது கட்டக் கூடிய தொகை. ஆனால் பெரிய ராஜ்யங்களில் வேட்பாளர் செலவிடச் சட்டம் அனுமதிக்கும் தொகை 2022-ல் 40 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. சட்டப்படி அனுமதிக்கப்பட்ட செலவே இவ்வளவென்றால், சட்டத்துக்குப் புறம்பாக நடக்கும் செலவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது லட்சத்தை எந்த மானாவாரி நிலம் விளைவித்துக் கொடுக்கும்?

ஆட்சேபமும் சமாதானமும்

“உபாத்தியாயர் அரசியலில் இறங்கினால் பள்ளிக்கூடம் பாழாகும், பிள்ளைகளுக்குக் கட்சிப் பாடம் நடக்கும், இடமாற்றமும் பதவி உயர்வும் கட்சிக்காரர் கையில் போகும்” என்று சிலர் ஆட்சேபிக்கிறார்கள். இந்த ஆட்சேபத்தை நாம் லேசாகத் தள்ளிவிடவில்லை. வகுப்பறைக்குள் கட்சிக் கொடி நுழையலாகாது என்பதே நமது அபிப்பிராயமும் ஆகும். ஆனால் நோய்க்கு மருந்து, நோயாளியின் கைகாலைக் கட்டிப்போடுவது அன்று.

ஜெர்மனி தேசத்தைப் பாருங்கள். அதன் அரசியல் சாசனத்தின் 48-வது ஷரத்து, பார்லிமெண்டுக்கு நிற்பவருக்குத் தேர்தல் வேலைக்கு வேண்டிய விடுமுறை பெற உரிமை அளிக்கிறது. அங்கத்தினராவதற்காக யாரையும் வேலையினின்று நீக்கலாகாது என்றும் விதிக்கிறது. சர்க்கார் ஊழியர் தேர்ந்தெடுக்கப்பட்டால் அவருடைய உத்தியோகம் நிறுத்தி வைக்கப்படுகிறது. பதவிக் காலம் முடிந்தபின் அவர் பழைய தொழிலுக்குத் திரும்பலாம். அண்டை ராஜ்யமான கேரளத்தில், பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்து வந்த கே. கே. சைலஜா 1996-லேயே சட்டசபைக்குச் சென்றார். 2004-ல்தான் ஆசிரியப் பணியை முற்றும் விட்டார். பிற்காலத்தில் சுகாதார மந்திரியாக 2018-ல் நிபா நோயையும் 2020-ல் கொரோனாவையும் எதிர்த்து அவர் வேலை செய்ததை உலகம் கண்டது.

ஆகவே நாம் கோருவது மூன்று. தேர்தலில் நிற்க விரும்பும் ஆசிரியருக்குச் சம்பளமில்லா விடுமுறை கொடுக்க வேண்டும். வென்றால், பதவிக் காலம் வரை அவர் பள்ளிக்குள் கால் வைக்கலாகாது. உத்தியோகம் நிறுத்தி வைக்கப்பட வேண்டும். தோற்றாலும், காலம் முடிந்தாலும், அவர் தம் சொந்தப் பஞ்சாயத்து யூனியனுக்கு வெளியே வேறொரு பள்ளிக்குத் திரும்ப வழி வேண்டும். இம்மூன்றும் சேர்ந்தால் வகுப்பறையும் காப்பாற்றப்படும். ஜனங்களும் தங்களுக்கு வேண்டிய மனிதரை இழக்க மாட்டார்கள்.

தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை

சட்டம் திருந்தும் வரை காத்திருப்பது தேச ஊழியருக்கு அழகன்று. பென்ஷன் பெற்று ஊரில் உழுதுகொண்டிருக்கும் உபாத்தியாயர்களை எந்த விதியும் தடுக்கவில்லை. அவர்களிடம் மூன்று தலைமுறை மாணவர்களின் பெயரும் முகமும் இருக்கின்றன. எந்தக் கண்மாய் எந்த வருஷம் உடைந்தது, எந்த வீட்டுப் பிள்ளை எந்தக் கடனுக்காகப் பட்டறைக்குப் போயிற்று என்ற சரித்திரம் இருக்கிறது. கட்சிகள் வேட்பாளரைத் தேடும்போது ஜாதித் தொகையையும் பணப் பெட்டியையும் எண்ணுகிறார்களே ஒழிய, இந்தப் படலை ஒருமுறையாவது தட்டிப் பார்த்ததுண்டா? பஞ்சாயத்துத் தேர்தலுக்காவது அவர்களை வற்புறுத்தி அழைக்க வேண்டும். அவர்கள் பணம் கொண்டுவர மாட்டார்கள். ஆகையால் ஊழியர்கள் கால்நடையாக உழைக்க வேண்டியிருக்கும். அந்த உழைப்புக்குத்தானே ஊழியர் என்று பெயர்?

இன்னொன்றும் சொல்வோம். உபாத்தியாயர் என்பதனாலேயே ஒருவர் உத்தமராகிவிட மாட்டார். உழவர் என்பதனாலேயே நேர்மையாளராகிவிட மாட்டார். கக்கனின் இலாகாவும் தவறியது. நைரேரேயின் திட்டமும் தவறியது. ஆனால் திரும்பிப் போவதற்கு ஒரு பள்ளிக்கூடமும் ஒரு துண்டு நிலமும் உள்ளவனைப் பதவி எளிதில் அடிமைப்படுத்த முடியாது. பதவியின்றி வாழத் தெரிந்தவனிடமே பதவியைத் துணிந்து ஒப்படைக்கலாம்.

வெம்பக்கோட்டைக் கரிசலில் இன்னும் பருத்தி விதைக்கிறார்கள். பள்ளிகளில் இன்னும் காலை மணி அடிக்கிறது. இவ்விரண்டின் பெயராலும் பேசக் கூடிய ஒருவரைச் சபைக்கு அனுப்புவது அப்பிரதேசத்து வாக்காளரின் கடமை. அனுப்ப வழி செய்வது சர்க்காரின் கடமை. வாக்காளர் தம் கடமையைச் செய்ய முன்வந்தால், சர்க்கார் தன் கடமையை வெகுகாலம் தட்டிக் கழிக்க முடியாது.